இலக்குச் சுடுதலும் முதற் கைத்துப்பாக்கியும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனையைக் கடந்து, கல்குடாவை அடுத்துக் கிடப்பது பாசிக்குடா. அங்கே கடல் ஆழமற்றது, அலையும் அடங்கியது. கரையினின்றும் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் கால் நிலத்திலே ஊன்றும். ஆகவேதான் நீந்தப் பழகும் சிறுவரைப் பெற்றோர் அக்குடாவிலே இறக்குகின்றனர். அலை எறியும் திறந்த கடலிலே இறக்குவதில்லை. கற்போனுக்கு முதலில் வேண்டுவது ஆழமன்று. தவறினும் பெருந்தீங்கு விளையாத இடமும், தவறியபின் மீண்டும் மீண்டும் முயல்வதற்கு வாய்ப்புமே அவனுக்கு வேண்டுவன. நீச்சலுக்கு மட்டுமன்றி, ஊறு விளைக்கவல்ல எக்கருவியைப் பயில்வதற்கும் இவ்வுண்மை பொருந்தும். இலக்குச் சுடுதலை ஒரு விளையாட்டாகப் பயில விழையும் இளைஞன், சிறுபொருள் கொண்டு முதலிற் பெறத்தக்க கைத்துப்பாக்கி யாது என்பதை இந்நோக்கிலே ஆராய்வோம்.

ஆராயப் புகுமுன் ஒரு தடைக்கு விடை கூறுதல் கடன். 1983 தொடங்கி 2009 வரை நீடித்த போரை இம்மாவட்டம் தன் உடம்பிலே தாங்கியது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே எம் மக்களின் நெஞ்சில் எழுவது விளையாட்டன்று, இழப்பே. எம் அம்மம்மா தீபாவளிக்குக்கூட வெடித்தாள் வைத்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கியை வீட்டினுள்ளே கொண்டுவர இசைந்தாரல்லர். “பொம்மையானாலும் அதன் வாய் ஒருவரைப் பார்த்துத்தானே நிற்கும்” என்பார். அவருடைய சொல்லை அறியாமை என்று தள்ளிவிட்டு இப்பொருளைப் பேசுதல் நேர்மையாகாது. சுடுகளத்தில் முதலிற் கற்பிக்கப்படும் விதியும் அதுவே என்பதைப் பின்னரே யான் உணர்ந்தேன்: கருவியின் வாய் எந்நேரமும் எவரையும் பாராதிருத்தல் வேண்டும். அவ்விதியை உயிரெனக் கொள்ளாதவன் எத்துணை மலிவாகவோ எத்துணை உயர்வாகவோ ஒரு கைத்துப்பாக்கியை வாங்கினும் அவனுக்கு அது தகாது.

இனி, விளையாட்டின் இயல்பைச் சிறிது காண்போம். 1896 இல் ஏதென்சு நகரிலே தற்கால ஒலிம்பிக் விழா முதன்முதல் நடந்தபோதே கைத்துப்பாக்கிப் போட்டிகள் அதில் இடம்பெற்றன. 1988 இல் சோல் நகரில் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒலிம்பிக்கிலே சேர்க்கப்பட்டது. எம் நாட்டினரும் காற்றுக் கருவிகளிற் புகழ் ஈட்டியவரே. 1994 இல் கனடாவின் விக்டோரியா நகரில் நிகழ்ந்த பொதுநலவாய விளையாட்டுக்களில் புஷ்பமாலி ராமநாயக்கவும் அவருடைய துணை வீராங்கனையும் மகளிர் காற்று ரைபிள் இணைப்போட்டியிலே தங்கம் வென்றனர். தமிழகத்தின் கடலூரிலே பிறந்த இளவேனில் வாலறிவன் காற்று ரைபிளில் உலகப் புகழ் பெற்றவர். 2024 இல் பாரிசில் இந்தியாவின் மனு பாக்கர் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியில் வெண்கலம் பெற்றார். சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு இணைப்போட்டியிலும் இன்னொரு வெண்கலம் பெற்றார்.

இப்போட்டியில் வீரர் ஒரு கையாலேயே கருவியைப் பிடித்துச் சுடுதல் வேண்டும். மற்றக் கையின் துணை கொள்ளலாகாது. சன்னத்தின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். கருவியின் எடை 1500 கிராமுக்கு மேற்படலாகாது. விசையை இழுப்பதற்கு 500 கிராம் எடையேனும் தேவைப்படல் வேண்டும். இலக்குத் தாளிலே பத்து வட்டங்கள் உள. நடுவிலுள்ள பத்தாம் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றரே. அறுபது முறை சுட்டு, ஒவ்வொரு முறையும் பத்துப் பெற்றால் மொத்தம் 600 ஆகும். இவ்வளவே அதன் இலக்கணம். எளிதாகத் தோன்றும் இவ்விலக்கணத்தினுள்ளே மூச்சு, பார்வை, விரல், மனம் ஆகிய நான்கையும் ஒருங்கே அடக்கும் அருங்கலை அடங்கியுள்ளது.

முதற் கைத்துப்பாக்கி என்றவுடன் பலர் வெடிமருந்துக் கருவியையே எண்ணுகின்றனர். சுடுகளங்களில் வழங்கும் வெடிமருந்துக் கைத்துப்பாக்கிகளுள் சிறியது .22 அளவினது. அதனையும் காற்றுக் கைத்துப்பாக்கியையும் ஒப்பிட்டு நோக்குதல் நன்று. காற்றுக் கைத்துப்பாக்கியிலிருந்து ஏறத்தாழ அரைக் கிராம் எடையுள்ள ஈயச் சன்னம் நொடிக்கு 150 மீற்றர் அளவான வேகத்திற் புறப்படும். அதன் ஆற்றல் ஐந்து அல்லது ஆறு யூல். .22 ரவையின் ஆற்றலோ அதனைப் போல இருபது மடங்கு அளவினது. இலக்குத் தவறினால் அது ஒரு கிலோமீற்றருக்கும் அப்பாற் செல்லும். ஆகவே அதற்கு உயர்ந்த மண்ணணையும் காவலுள்ள சுடுகளமும் வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு ரவை செலவாகும். காற்றுக் கருவிக்கு மூடிய மண்டபம் ஒன்றும், சன்னத்தை ஏற்றுத் தாங்கும் இரும்புப் பெட்டி ஒன்றும் போதும். எனினும் அதனையும் விளையாட்டுப் பொருளென எண்ணுதல் பெரும்பிழை. அரைக் கிராம் ஈயம் ஒரு கண்ணைக் குருடாக்கப் போதுமானது.

சட்டமும் இம்முடிவுக்கே துணை நிற்கின்றது. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நடைமுறையில் உள்ளன. உரிமமின்றிச் சுடுகலன் வைத்திருத்தல் கடுங்குற்றம். உரிமத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். கைத்துப்பாக்கி வகையைப் பொறுத்தவரை இக்கட்டுப்பாடு மிக இறுக்கமானது. போரின் வடு ஆறாத மாவட்டத்தில் உரிமமற்ற கருவியொன்று ஒரு மாணவனுடைய எதிர்காலத்தையே அழித்துவிடக் கூடும். காற்றினால் இயங்குவது என்பதனால் இதற்கு எவரிடமும் கேட்க வேண்டுவதில்லை எனத் தானே தீர்மானித்துக்கொள்ளுதலும் தகாது. பொருள் கொடுப்பதற்கு முன்னரே தேசிய சுடுவிளையாட்டுச் சம்மேளனத்தையும், தன் பகுதிப் பொலிஸ் நிலையத்தையும், மாவட்டச் செயலகத்தையும் அணுகி, எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்பினால் ஒன்றைப் பொதியில் அனுப்பிவைப்பதாகக் கூறின், அவ்வன்பை நன்றியுடன் மறுத்துவிடுதலே அறிவுடைமை. தமிழகத்து மாணவரும் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தையும் 2016 ஆம் ஆண்டின் விதிகளையும் அறிந்த பின்னரே இத்துறையிற் புகுதல் வேண்டும்.

காற்றுக் கைத்துப்பாக்கியே முதற் கருவி எனத் தெளிந்தோம். அவற்றுள் நல்லது யாது? இதற்கு விடை காணக் குறிபார்த்தலின் கணக்கை அறிதல் இன்றியமையாதது. குழலின் முனையில் முன்குறி உண்டு. பின்னே பிளவுள்ள பின்குறி உண்டு. போட்டிக் கருவிகளில் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 320 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். இலக்கு இருப்பதோ 10 மீற்றருக்கு அப்பால். அதாவது குறிகளின் இடைத்தூரத்தைப் போல முப்பத்தொரு மடங்கு. ஆகவே பின்குறியின் நடுவினின்றும் முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால், சன்னம் இலக்கிலே முப்பத்தொரு மில்லிமீற்றர் விலகிப்படும். வட்டத்துக்கு வட்டம் உள்ள இடைவெளி எட்டு மில்லிமீற்றர். எனவே குறிகளின் விலகல் கால் மில்லிமீற்றராயின் பத்துக் கிடைக்கும். அரை மில்லிமீற்றராயின் ஒன்பது. முக்கால் மில்லிமீற்றராயின் எட்டு. ஒரு மில்லிமீற்றராயின் ஏழு. கால் மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி வீதம் இழக்கின்றோம் என்க.

இதற்கு மாறாக, குறிகள் இரண்டும் தம்முட் பிறழாதிருக்க, கை முழுவதுமே ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் அசைந்தால், இலக்கிலும் அதே ஒரு மில்லிமீற்றர் மாத்திரமே மாறும். தொடக்கநிலை மாணவன் கை நடுங்குகின்றதே என்று கலங்குகின்றான். நடுக்கம் அவனுடைய பெரும்பகையன்று. விசையை வெடுக்கென இழுக்கும்போது கருவி மணிக்கட்டிலே திரும்பிக் குறிகள் பிறழ்தலே பெரும்பகை. ஆகவே வாங்குவோன் நோக்கவேண்டியவை மூன்று: குறிகள் தெளிவாகவும் திருத்தக்கூடியனவாகவும் இருத்தல், விசை மென்மையாகவும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலும் விடுபடுதல், பிடி கையோடு இயைந்து நிற்றல். பளபளப்பும் பெயரும் இவற்றுக்குப் பின்னரே.

காற்றுக் கைத்துப்பாக்கிகள் இயங்கும் முறையால் நால்வகைப்படும்.

முதலாவது, சுருள்வில்லின் விசையால் உந்தப்படுவது. விலை குறைந்தவற்றுட் பல இவ்வகையின. ஆயின் சன்னம் குழலை விட்டு நீங்குமுன்னரே உள்ளிருக்கும் உந்துதண்டு பாய்ந்து கருவியை அதிர்விக்கும். அதனால் தன் பிழை எது, கருவியின் பிழை எது எனத் தொடக்கநிலை மாணவனால் அறிய இயலாது. 1965 இல் செர்மனியின் பைன்வேர்க்பௌ நிறுவனம் வெளியிட்ட 65 என்னும் கருவி இவ்வதிர்ச்சியைத் திறமையாக ஈடுசெய்தமையால் நெடுங்காலம் போட்டிக்களங்களில் விளங்கியது. அது விதிவிலக்கு, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பிற சுருள்வில் கருவிகளை அதனோடு ஒப்பிடலாகாது.

இரண்டாவது, கரியமிலவாயுவால் இயங்குவது. இது எம் நிலத்துக்கு ஒவ்வாதது. அவ்வாயுவின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்து மாறும்; 31 பாகை செல்சியசுக்கு மேல் அது திரவமாக நிற்பதேயில்லை. மட்டக்களப்பின் சித்திரை வெயிலில் காலையிற் சுட்ட இடத்தில் நண்பகலிற் சன்னம் படாது.

மூன்றாவது, முன்னரே அழுத்தி நிரப்பிய காற்றுக் குப்பியால் இயங்குவது. இன்றைய வெற்றியாளர் கையாள்வன பெரும்பாலும் இவையே. ஒஸ்திரியாவின் ஸ்ரேயர், சுவிற்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பர்தினி, செர்மனியின் வால்தர் என்பன இத்துறையில் நன்கறிந்த பெயர்கள். அதிர்ச்சியற்ற இக்கருவிகளின் செம்மைக்கு ஐயமில்லை. ஆயின் விலை மிகுதி. அன்றியும் குப்பியை 200 வளியழுத்த அளவுக்கு நிரப்புவதற்குச் சுழியோடிகள் கொள்ளும் காற்றுக் குடுவையோ, அதற்கென அமைந்த கைப்பம்பியோ வேண்டும். குப்பிக்கும் ஆயுள் உண்டு. போட்டிகளிற் பத்தாண்டு கடந்த குப்பியை ஏற்பதில்லை.

நான்காவது, ஒவ்வொரு முறையும் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்திச் சுடுவது. உருசியாவின் இசெவ்ஸ்க் தொழிற்சாலையிலிருந்து வந்த 46 ஆம் இலக்கக் கருவியும், பைன்வேர்க்பௌவின் 103 உம் இவ்வகையின. இவற்றுக்குக் குப்பி வேண்டாம், குடுவை வேண்டாம், வாயு வேண்டாம். அதிர்ச்சியும் மிகச் சிறிது. குற்றம் ஒன்றே: அறுபது முறை சுடவேண்டின் அறுபது முறை நெம்புகோலை இழுத்தல் வேண்டும், தோள் சோரும். ஆயினும் பயில்வோனுக்கு அதுவும் ஒரு நன்மையாகின்றது. ஒவ்வொரு சன்னத்துக்கும் உழைக்க வேண்டியிருத்தலால் அவன் எண்ணாது சுடான். சிறுபொருள் உடையோன் முதலாவதாகத் தேட வேண்டுவது இந்நான்காம் வகையையே என்பது எம் கருத்து.

புதியது வாங்க இயலாதார் பிறர் பயன்படுத்திய கருவியை வாங்கலாம். நன்கு பேணப்பட்ட காற்றுக் கருவியின் குழல் ஈயச் சன்னத்தால் எளிதிலே தேய்வதில்லை. பல்லாண்டு உழைத்த கருவியும் பழுதுபார்த்தபின் நன்கு சுடும். ஆயினும் வாங்குமுன் சிலவற்றை ஆராய்தல் வேண்டும். நெம்புகோலை இழுத்துச் சிறிது நேரம் கழித்துச் சுட்டுப் பார்க்க. சன்னம் வழக்கம்போற் பாயாவிடின் உள்ளிருக்கும் இறப்பர் வளையம் பழுதுற்றது. வளையம் சிறு பொருளே; ஆயின் அது கிடைக்குமா என்பதை முன்னரே கேட்டறிக. கருவியைத் தாங்கியிலே வைத்து ஒரே இடத்தைக் குறித்து ஐந்து சன்னங்களைச் சுடுக. ஐந்தும் ஏறக்குறைய ஒரே துளையிலே சென்றால் குழல் நன்று. 500 கிராம் எடையை விசையிலே தொங்கவிட்டுக் கருவியை மெல்ல உயர்த்துக. விசை அவ்வெடையைத் தாங்குதல் வேண்டும்.

பிடியைப் பற்றி ஒரு சொல். போட்டிக் கருவியின் மரப்பிடி ஒரு கைக்கென்றே செதுக்கப்பட்டது. வலக்கைப் பிடி இடக்கைக்கு ஆகாது. பெரிய கையினர் விற்ற கருவி சிறிய கையையுடைய மாணவிக்கு அப்படியே பொருந்தாது. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, பின் விழித்துப் பார்க்கும்போது முன்குறி பின்குறியின் நடுவே தானாக வந்து நிற்குமாயின் அப்பிடி பொருந்தியது. சிறிது விலகினால், அரத்தாலும் மரப்பசையாலும் பிடியைத் திருத்திக்கொள்ளலாம். நல்ல தச்சர் எம் ஊர்களிற் குறைவில்லை.

இனிச் செலவைக் கணக்கிடுவோம். கருவியின் விலை ஒருமுறை கொடுப்பது. சன்னத்தின் விலை நாள்தோறும் கொடுப்பது. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு அறுபது சன்னம் என வைத்தால் கிழமைக்கு 180, ஆண்டுக்கு 9360. ஐந்நூறு சன்னம் அடங்கிய பேணிகளாக வாங்கினால் ஏறத்தாழப் பத்தொன்பது பேணி. கையிலுள்ள பொருள் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிட்டுச் சன்னம் வாங்க வழியின்றி அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன், குறைந்த கருவியை வாங்கி நாள்தோறும் பயில்வோனுக்குப் பின்னே நிற்பான். ஆகவே கையிலுள்ள பொருளைப் பகுக்கும்போது பயிற்சியாளருக்கும், சன்னத்துக்கும், கண் காக்கும் கண்ணாடிக்கும் உரியதை முதலில் ஒதுக்கி, எஞ்சியதைக் கொண்டே கருவியைத் தெரிதல் வேண்டும். கழகக் கருவியைச் சில திங்கள் கடனாகப் பெற்றுப் பயிலும் வாய்ப்பு உளதேல் அதுவே எல்லாவற்றிலும் சிறந்த முதற் கருவி.

செலவேயில்லாத பயிற்சி ஒன்றும் உண்டு. சன்னமின்றி, வெறுஞ்சுவரை நோக்கிக் குறிகளை மாத்திரம் பார்த்து விசையை விடுத்தலே அது. போட்டிக் கருவிகள் பலவற்றில் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. சுவரிலே கரும்புள்ளி இல்லாமையால் கண் குறிகளிலேயே நிலைக்கும். விசை விடுபடும்போது முன்குறி அசைந்ததா என்பது தெளிவாகத் தெரியும். தேர்ந்த வீரரும் நாள்தோறும் இதனைச் செய்கின்றனர். அப்போதும் குழலிற் சன்னம் இல்லை என்பதை இருமுறை பார்த்துத் தெளிதலும், சுவருக்கு அப்பால் ஆள் இல்லாமையை உறுதிசெய்தலும் கட்டாயம்.

கடலும் வாவியும் சூழ்ந்த நாட்டிலே உப்புக்காற்று இரும்பை அரிக்கும். பயின்றபின் மெல்லிய எண்ணெய்த் துணியாற் புறத்தைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொதியுடன் பெட்டியில் இட்டுப் பூட்டி, சன்னத்தை வேறிடத்திற் பூட்டுதல் வேண்டும். ஈயம் நஞ்சாதலால் கையைக் கழுவிய பின்னரே உணவைத் தொடுதல் வேண்டும். சுடும் வேளை வரும்வரை விரல் விசையைத் தொடலாகாது. பிறரிடம் கொடுக்கும்போது கருவியைத் திறந்து காட்டியே கொடுத்தல் வேண்டும். இவை கருவியோடு சேர்ந்தே வாங்கப்பட வேண்டிய பழக்கங்கள், இவற்றுக்கு விலையில்லை.

கருவியினும் பயில்வோனே பெரியன் என்பதற்கு இருவர் சான்று. அங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தகாச் என்பாருடைய வலக்கையை 1938 இல் ஒரு கைக்குண்டு சிதைத்தது. அவர் ஓய்ந்தாரல்லர்; இடக்கையாற் சுடப் பயின்றார். 1948 இல் இலண்டனிலும் 1952 இல் எல்சிங்கியிலும் 25 மீற்றர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். மேலே கூறிய மனு பாக்கருக்கு 2021 இல் தோக்கியோவில் தகுதிச்சுற்றின் நடுவே கருவி பழுதுற்றது. பொன்னான நிமிடங்கள் கழிந்தன. இறுதிச்சுற்று வாய்ப்பை இழந்தார். மூன்றாண்டின்பின் அவரே இரண்டு பதக்கங்களுடன் மீண்டார். சிறந்த கருவியும் ஒருநாள் பழுதுறும். மனத்தில் ஏறிய பயிற்சி பழுதுறாது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் விழாவைக் கண்டோர் அருச்சுனன் தவநிலையை அறிவர். படைக்கலம் பெற விழைந்த வில்வீரன், அதனைப் பெறுமுன் தவம் செய்தான். தவம் முன்னது, கருவி பின்னது. கிழக்கிலங்கை மக்கள் ஆண்டுதோறும் கண்டு வணங்கும் இவ்வொழுங்கே இளைஞனுக்கும் உரியது. அடக்கத்தையும் விதியையும் முதலிற் பயின்றவன் கையில் எளிய காற்றுக் கருவியும் கலையாகும். அவற்றைப் பயிலாதவன் கையில் எதுவும் ஆகாது.

எம் அம்மம்மா இன்று இல்லை. இருந்திருப்பின், பூட்டிய பெட்டியையும், தாளிலே பட்ட சிறு துளைகளையும், எவரையும் பாராது நிலத்தை நோக்கி நிற்கும் குழலின் வாயையும் அவருக்குக் காட்டியிருப்பேன். அவர் உடன்பட்டிருப்பாரோ, அறியேன். ஆயின் அவர் முன்னே நாணமின்றிக் காட்டத்தக்க கருவி எதுவோ, அதுவே எம் மண்ணின் இளைஞன் வாங்கத்தக்க முதற் கைத்துப்பாக்கி என்று துணிந்து கூறுவேன்.